பங்குனிக் காலையில் ஒரு நடை



ஓராண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். பங்குனியின் பிற்பகுதி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாயிற்படி போன்றது. வைகறையில் புல்நுனியிற் பனித்துளி இருக்கும். வேம்போ தளிர்த்துப் பூக்கத் தொடங்கியிருக்கும். இயற்கையைக் கற்க விரும்புவார்க்கு இதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

நெல்லைச் சீமையில் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்களூர்க் குளக்கரையில் காலை தோறும் நடப்பது என் வழக்கம். இன்று உங்களையும் அந்நடைக்கு அழைக்கின்றேன். கையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தாற் போதும். கம்பு மட்டும் வேண்டா. அதற்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

புறப்படுமுன் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். பறவை, ஓணான், வண்ணத்துப்பூச்சி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நம் கண்ணிற் படுவதில்லை. பறவையின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்வது. ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பம் அதன் உடலில் எப்பொழுதும் நிலைத்திருத்தல் வேண்டும். அடுப்பு அணையாதிருக்க விறகு வேண்டுமன்றோ? இரவு முழுதும் உண்ணாதிருந்த சிறு பறவை விடிந்தவுடன் இரை தேடியே ஆகவேண்டும். ஊர்வனவும் வண்ணத்துப்பூச்சிகளும் அவ்வாறல்ல. அவை கதிரவனிடம் வெப்பத்தைக் கடன் பெறுவன. வெயில் ஏறிய பின்னரே அவற்றின் நாள் தொடங்கும். ஆகவே முதலிற் பறவை, பிறகு ஓணான், அதன் பின் வண்ணத்துப்பூச்சி என்பதே காலை நடையின் வரிசை. இவ்வரிசையை அறிந்தவன் பாதி கண்டவனாவான்.

கிழக்கு வெளுக்கும்போது குயில் கூவக் கேட்கிறோம். உரத்துக் கூவுவது பெண்குயில் என்றே பலரும் எண்ணுகின்றனர், அது பிழை. 'கூ… கூ…' என்று குரலை உயர்த்திக் கூவுவது செங்கண்ணுடைய கரிய ஆண்குயிலே. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. காக்கைக் கூட்டில் முட்டையிடுவதும் அதுவே. காக்கைகள் கூடு கட்டத் தொடங்கும் காலத்தில் குயிலின் குரல் ஓங்குவது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்.

ஆலமரத்தில் 'டுக், டுக், டுக்' என ஓயாமல் ஓர் ஒலி எழுகின்றது. கன்னார் செம்பைத் தட்டுவது போன்ற ஒலி. உற்றுப் பார்த்தால் இலைக்கு நடுவே இலை நிறத்திலேயே ஒரு சிறு பறவை தெரியும். அதுவே செம்மார்புக் குக்குறுவான். அப்பால் மின்கம்பியில் மண்ணிறமாய் அமர்ந்திருக்கும் பறவை திடீரென எழுந்து பறக்கும்போது சிறகுகளில் நீலம் பளிச்சிடுகின்றதே, அதுதான் பனங்காடை. அமர்ந்திருக்கையில் ஒரு நிறம், பறக்கையில் வேறொரு நிறம். பொறுத்திருப்பவனுக்கே இரண்டும் கிட்டும்.

இது விடைபெறும் காலமுமாகும். நாங்குநேரிப் பகுதியிலுள்ள கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருவதுண்டு. இமயத்தைக் கடந்து நடு ஆசியாவின் உயர்ந்த நிலங்களுக்கு அவை திரும்பிச் செல்கின்றன. அவ்வூர் மக்கள் தங்கள் தெருவோர மரங்களிற் கூடு கட்டும் பறவைகளையும் விருந்தினராகவே பேணி வருகின்றனர். அக்குளம் 1994-ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

கதிரவன் பனைமர உயரம் வந்ததும் வேலியைப் பாருங்கள். ஓணான் ஒன்று கறுத்த மேனியுடன் தன் விலாப்புறத்தை வெயிலுக்குக் காட்டிக் கிடக்கும். கருநிறம் வெப்பத்தை விரைந்து ஏற்கும் என்று நீங்கள் இயற்பியலிற் படித்திருக்கிறீர்கள். ஓணான் படிக்காமலே அதனைக் கடைப்பிடிக்கின்றது. உடல் காய்ந்த பின் நிறம் வெளுக்கும். இணை சேரும் பருவத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச் சிவந்துவிடும். இச்சிவப்பைக் கண்டே அது இரத்தம் உறிஞ்சுகிறது என்று கதை கட்டி, சிறுவர்கள் கல்லெறிகின்றனர். நானும் சிறுவயதில் எறிந்தவனே. ஓணான் உண்பது பெரும்பாலும் பூச்சிகளைத்தான்; எவருடைய இரத்தத்தையும் அது உறிஞ்சுவதில்லை. 'அரணை கடித்தால் மரணம்' என்பதும் இத்தகைய கதையே. அரணைக்கு நஞ்சே கிடையாது.

தென்கோடியின் மணற்பாங்கான இடங்களில் விசிறித்தொண்டை ஓணான் என்றொரு சிற்றினம் வாழ்கின்றது. ஆண், தொண்டைத் தோலை விசிறி போல் விரித்து விரித்துக் காட்டிப் பெண்ணை அழைக்கும். அவற்றுள் ஓரினத்தை 2016-ஆம் ஆண்டில் விவரித்த அறிஞர்கள் அதற்குச் 'சிதானா விசிறி' எனப் பெயரிட்டனர். நம் தமிழ்ச்சொல் உலக அறிவியல் ஏட்டில் ஓர் ஓணானின் பெயராய் ஏறியுள்ளது!

இனி வண்ணத்துப்பூச்சி. வெயில் ஏறும் முன் அது சிறகை விரித்து அசையாமற் காயும். பறக்குந் தசைகள் சூடேறினால்தான் எழ முடியும். அருகிற் சென்று காண ஏற்ற நேரம் அதுவே. எருக்கஞ்செடியைச் சுற்றி வருவது வெந்தய வரியன். அதன் புழு எருக்கிலையைத் தின்று, அதிலுள்ள நஞ்சைத் தன் உடலிற் சேர்த்து வைக்கின்றது. ஆதலால் ஒரு முறை சுவைத்துப் பட்டறிந்த பறவை மறுமுறை தொடாது. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண் இதே வேடம் பூண்டு உயிர் பிழைக்கின்றது. தமிழ்நாடு அரசு 2019-இல் 'தமிழ் மறவன்' என்னும் மலைக்காட்டு இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அதனைக் காண மலையேற முடியாதோர் வருந்த வேண்டா. வீட்டுக் கறிவேப்பிலையிலேயே தொடங்கலாம். அதன் இலைமேல் பறவை எச்சம் போல் கிடப்பது 'கறிவேப்பிலை அழகி'யின் இளம்புழுவாக இருத்தல் கூடும்.

கம்பு வேண்டா என்றேனே, அதற்குரிய காரணத்தை இப்பொழுது சொல்கிறேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. ஒருநாள் முற்பகல் பள்ளித் தோட்டத்தில் நீண்ட பாம்பு ஒன்று வெயில் காய்ந்து கிடந்தது. "நல்லபாம்பு!" என்று ஒரு மாணவன் அலறினான். நான் அருகிற் சென்று பார்க்கவில்லை, "அடியுங்கள்" என்றேன். அடித்தார்கள். தோட்ட வேலை செய்த முதியவர் வந்து அதனைக் குச்சியாற் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது சாரை. எலி தின்று பிழைக்கிறது. நஞ்சில்லாதது" என்றார். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் ஏன் சார் அடிக்கச் சொன்னீர்கள்?" என்று கேட்டான். உயிரியல் கற்பித்து வந்த எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. இன்றளவும் அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அடுத்த வாரம் முதல் மாணவரை அழைத்துக்கொண்டு குளக்கரைக்கு நடக்கத் தொடங்கினேன்.

அச்சமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் பாம்புக்கடியால் நேரும் உயிரிழப்புகளுக்குப் பெரிதும் காரணமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கு. எப்பாம்பையும் தொடாதீர்கள், புதருக்குள் கையை விடாதீர்கள், இருட்டில் விளக்கின்றி நடக்காதீர்கள். எவரையேனும் பாம்பு தீண்டிவிட்டால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி. அங்கே தரும் மாற்று மருந்தும் பாம்பின் நஞ்சைக் கொண்டே ஆக்கப்படுகின்றது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் அமைக்கப்பட்ட இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, பின் அதனைக் காட்டிலேயே விட்டுவிடும் தொழிலைச் செய்து வருகின்றது. நம்மைக் காக்கும் மருந்துக்கும் அந்தப் பாம்பு உயிரோடிருத்தல் வேண்டும்.

ஆகவே மாணவர்களே, காலை நடையின் முதற்பாடம் நிற்றல். பத்தடி தள்ளி நின்று, கண்டது யாது, எந்நேரம், எச்செடியில், என்ன செய்தது என நான்கு வரி எழுதுங்கள். பெயர் தெரியவில்லையேல் உருவத்தை வரைந்து வையுங்கள்; பெயரைப் பின்னர்க் கேட்டறியலாம். ஓராண்டு எழுதினால், எப்பறவை எந்த வாரத்தில் வந்தது, எது சென்றது என்பதை உங்கள் ஏடே உங்களுக்குச் சொல்லும்.

சென்ற பங்குனியில் என் பேரனும் அவன் தோழர் மூவரும் என்னுடன் வந்தனர். கரையின் குறுக்கே சாரை ஒன்று ஊர்ந்து சென்றது. நால்வரும் நின்றுவிட்டனர். அது அவசரமின்றிக் கடந்து புல்லுக்குள் மறைந்தது. பின்னர் ஒருவன் குறிப்பேட்டைத் திறந்து, "மணி என்ன, தாத்தா?" என்று கேட்டான். எட்டேகால் என்றேன். எழுதிக் கொண்டான்.