தெருவில் பிறந்த நாய் பாரிஸுக்குப் போகலாமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அதிகாலையில் நடப்பவர்களுக்குப் பேச்சுத்துணை இல்லாவிட்டாலும் நடைத்துணை கிடைத்துவிடும். எங்கோ படுத்திருக்கும் தெரு நாய் ஒன்று எழுந்து கூடவே வரும். நாலு நாள் பிஸ்கட் போட்டால், ஐந்தாம் நாள் அதற்குப் பெயர் வைத்துவிடுவோம். ஊர் திரும்பும் பிரெஞ்சுக்காரருக்கும், பிரான்ஸில் குடியேறப்போகும் புதுச்சேரிக் குடும்பத்துக்கும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: ‘இதை எப்படி விட்டுட்டுப் போறது?’

விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை என்பதற்கு உதாரணம், வாரணாசியின் ‘ஜெயா’. இன்னொரு நாயிடம் கடிபட்டபோது மீட்கப்பட்ட இந்தத் தெரு நாயைத் தத்தெடுத்த நெதர்லாந்துப் பெண் ஒருவர், 2023-ல் தன்னோடு அழைத்துப்போனார். அதற்காக அவர் ஆறு மாதம் கூடுதலாக இந்தியாவில் தங்கவேண்டியிருந்தது.

ஏன் இத்தனை மாதம்? காரணம், ரேபிஸ். 2001-ல் ரேபிஸ் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட பிரான்ஸ், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நாயால் 2008-ல் அந்தப் பெயரை இழந்தது. இப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு கெடுபிடி.

முதலில், அரிசி அளவிலான மைக்ரோசிப்பை நாயின் தோலுக்கடியில் பொருத்த வேண்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. ஊசி முதலில், சிப் பிறகு என்றால் அந்த ஊசி கணக்கில் வராது. பலர் தடுக்கி விழும் இடம் இது. குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியாக, அரசு கால்நடை அதிகாரியின் சுகாதாரச் சான்றிதழ். அது கிடைத்த 10 நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும்.

ஆக, எல்லாம் சரியாக நடந்தாலே நான்கு மாதம். டிக்கெட் போட்ட பிறகு நாயைப் பற்றி யோசித்தால், காலம் கடந்துவிடும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள், கிளம்பும் முன்பே உள்ளூரில் நல்ல குடும்பம் ஒன்றைத் தேடிக்கொடுப்பது நல்லது. வீட்டுச் சோறும் பாயும் பழகிய நாய், மறுபடி தெருவில் மற்ற நாய்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பது கஷ்டம். பூட்டிய வாசலில் காத்துக்கிடக்கும் அதற்கு, நீங்கள் விமானம் ஏறிவிட்டது தெரியாது.