ஓடும் ஊர்கள் - 11: பிறந்தநாளுக்கும் ஓடும் நகரம்

போலந்தின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது கிடினியா. மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 2020 அக்டோபர் 17 அன்று உலக அரை மராத்தான் சாம்பியன்ஷிப் போட்டி இங்கேதான் நடந்தது. மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் ஏழு மாதம் தள்ளிப்போனது.

அன்றைக்கு ஓடியவர்கள் சாமானியர்கள் இல்லை. இருபது வயதுகூட நிறையாத உகாண்டா இளைஞர் ஜேக்கப் கிப்ளிமோ 58 நிமிடம் 49 விநாடியில் 21.1 கி.மீ.யைக் கடந்து தங்கம் வென்றார். பத்தே நாள் முன்பு 10,000 மீட்டரில் உலக சாதனை படைத்துவிட்டு வந்த அவர் நாட்டுக்காரர் ஜோசுவா செப்டெகெய்க்கு நான்காம் இடம்தான் கிடைத்தது. பெண்கள் பிரிவில் கென்யாவின் பெரெஸ் ஜெப்சிர்சிர் 1 மணி 5 நிமிடம் 16 விநாடியில் முடித்தார். பெண்கள் மட்டுமே ஓடும் பந்தயங்களில் அது உலக சாதனை. அடுத்த ஆண்டே அவர் ஒலிம்பிக் மராத்தான் தங்கத்தையும் வென்றார்.

ஆனால் அந்தத் தடத்தில் ஒரு கூட்டம் இல்லை. நட்சத்திரங்கள் ஓடும் தெருவிலேயே அதே நாளில் பொதுமக்களும் ஓடுவதாக ஏற்பாடு இருந்தது. தொற்றுக்குப் பயந்து அதை ரத்து செய்துவிட்டார்கள். சாதனைகள் பதிவான அந்தப் பந்தயத்தில் ஓட முடியாமல் வீட்டில் இருந்தவர்களால்தான் கிடினியா ஓட்டக்காரர்களின் ஊராக இருக்கிறது. இந்த வாரம் அவர்களுடைய கதை.

இந்த ஊருக்கு வயது நூறுதான். 1918 நவம்பர் 11 அன்று போலந்து மறுபடி சுதந்திர நாடானது. கடற்கரை கிடைத்தது, ஆனால் சொந்தமாகப் பெரிய துறைமுகம் இல்லை. பக்கத்திலிருந்த கிடான்ஸ்க் தனி நகர அரசாகிவிட்டது. அதனால் ஒரு மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்துத் துறைமுகம் கட்டினார்கள். 1926 பிப்ரவரி 10 அன்று அதற்கு நகர அந்தஸ்து கிடைத்தது.

இந்தத் தேதிகளை ஊர்க்காரர்கள் கால்களால் கொண்டாடுகிறார்கள். பிப்ரவரியில் நகரத்தின் பிறந்தநாள் ஓட்டம். மே மாதம் ஐரோப்பிய ஓட்டம். ஜூனில், கோடையின் மிகக் குறுகிய இரவையொட்டிப் புனித யோவான் இரவு ஓட்டம். நவம்பர் 11 அன்று சுதந்திர தின ஓட்டம். நான்கும் 10 கி.மீ. நடத்துவது மாநகராட்சியின் விளையாட்டு மையம். ஓட்டங்கள் நடக்கும்போது பேருந்துகளும் கார்களும் ஓடும் நகர மையத்துச் சாலைகளை ஓட்டக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

நான்கும் ஒரே தூரம் என்பதில் நல்ல பயன் இருக்கிறது. பிப்ரவரியில் காது விறைக்கும் குளிர்காற்றில் ஓடிய அதே 10 கி.மீ.யை ஜூன் இரவில் ஓடிப் பார்க்கலாம். இடைப்பட்ட மாதங்களில் பயிற்சி பலித்ததா, வீணானதா என்று கடிகாரம் சொல்லிவிடும். சில மாதங்களுக்கு ஒரு தேர்வு வருகிறது என்று தெரிந்தால் காலையில் படுக்கையை விட்டு எழுவது கொஞ்சம் சுலபம்.

10 கி.மீ.கூட மலைப்பாகத் தெரிபவர்களுக்கு இன்னும் தாழ்வான படி ஒன்று உண்டு. 2004-ல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன், 2011-ல் போலந்துக்குள் நுழைந்தது கிடினியா வழியாகத்தான். சனிக்கிழமை காலை 9 மணிக்கு 5 கி.மீ. கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. நேரம் குறிப்பதும், கடைசி ஆளுக்குத் துணையாக நடப்பதும் தன்னார்வலர்கள். நடந்தே முடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மேல்படியில் இருப்பது டிரையத்லான். கோடையில் இங்கே நடக்கும் 'ஐயன்மேன் 70.3' போட்டிக்கு 2015 முதல் அந்தப் பெயர். அதற்கு முன்பும் வேறு பெயரில் டிரையத்லான் நடந்துவந்தது. 70.3 என்பது மைல் கணக்கு. நம் கணக்கில் 113 கி.மீ. கடலில் 1.9 கி.மீ. நீச்சல், சைக்கிளில் 90 கி.மீ., பிறகு 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒரே மூச்சில்.

நீச்சலில்தான் பலருக்கும் உதறல் எடுக்கும். பால்டிக் அவ்வளவாக உப்பில்லாத கடல். பெருங்கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இங்கே 7 கிராம்தான். உடம்பு எளிதில் மிதந்து கொடுக்காது. குளிர் வேறு. ஆகஸ்டிலும் 20 டிகிரியைத் தொட்டால் நல்ல நாள். காற்றின் திசை மாறினால் அடியில் கிடக்கும் குளிர்நீர் மேலே ஏறி, ஓரிரு நாளில் வெப்பநிலை பல டிகிரி சரிந்துவிடுவதும் இந்தக் கடற்கரையில் உண்டு. குளிர்நீரில் முகம் பட்டதும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு முட்டும். அந்த நேரத்தில் பதறாமல் மூச்சை நிதானமாக வெளியே விடப் பழகுவதே தனிப் பயிற்சி. வெட்சூட் என்னும் நீச்சல் உடை கைகொடுக்கும், சூடும் காக்கும், மிதக்கவும் வைக்கும். நீரின் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டாதவரை அமெச்சூர்கள் அதை அணிந்து நீந்த ஐயன்மேன் விதிகள் அனுமதிக்கின்றன.

கரையேறினால் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் இடம். ஹெல்மெட்டை மாட்டிப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிப்பதும் குற்றம், தண்டனை உண்டு. பாதை நகரத்தை விட்டு விலகி, கஷுபியா மேட்டுநிலத்தில் ஏறி இறங்கும். பனியுகத்துப் பனிப்பாறைகள் தள்ளிக் குவித்துவிட்டுப் போன குன்றுகள் அவை. திரும்பி வந்து இறங்கியதும், மரத்துப்போன தொடைகளோடு அரை மராத்தான். 90 கி.மீ. மிதித்த கால்களுக்கு முதல் சில கி.மீ. ஓட்டம் என்பதே மறந்துபோயிருக்கும். அதற்காகவே, பயிற்சி நாட்களில் சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு கொஞ்ச தூரமாவது ஓடிப் பழகுகிறார்கள்.

ஆகஸ்ட் போட்டிக்கான பயிற்சி குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். டிசம்பரில் இங்கே பகல் வெறும் ஏழு மணி நேரம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. நீச்சலுக்கு உள்ளரங்கக் குளம். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் ஒரு கருவியில் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிப்பது. ஓட்டத்துக்கு நெற்றியில் விளக்கு. நகரத்தை ஒட்டியே காடு இருப்பது பெரிய வரம். கிடினியா, சோபோட், கிடான்ஸ்க் மூன்றுக்கும் முதுகுப்புறமாக நீண்டு கிடக்கும் அந்த வனப் பூங்காவில் ஏற்ற இறக்கங்களுக்குக் குறைவில்லை. கோடையில் சமதரையில் நீண்ட தூரம் மிதிக்க வேண்டுமென்றால் ஹெல் தீபகற்பம் இருக்கிறது. கடலுக்குள் சுமார் 35 கி.மீ. நீளும் மணல்திட்டு அது.

ஐயன்மேன் பணக்காரர் விளையாட்டு என்று ஒரு முணுமுணுப்பு உலகெங்கும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நுழைவுக் கட்டணம், சைக்கிள், வெட்சூட் என்று செலவு எகிறும். ஆனால் அந்த உச்சத்துக்குக் கீழே இலவசமாக ஒரு 5 கி.மீ., ஆண்டுக்கு நான்கு 10 கி.மீ. என்று இறங்கிவரும் படிகள் இருப்பதுதான் கிடினியாவின் சிறப்பு. எந்த ஊரும் பணம் கொடுத்து ஓர் உலகப் போட்டியை அழைத்துவந்துவிடலாம். கீழ்ப்படிகளை மாநகராட்சியும் தன்னார்வலர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் கட்டவேண்டும்.

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஐயன்மேன் வீடியோக்களைப் பார்த்துச் சைக்கிள் வாங்கக் கிளம்பாதீர்கள். ஆண்டில் நான்கு தேதிகளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். நான்கிலும் ஒரே தூரத்தை ஓடி நேரத்தைக் குறித்துவையுங்கள். நான்காவது நேரம் முதலாவதைவிடக் குறைந்தால், அடுத்த படியைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த வாரமும் போலந்துதான். தெப்னோ, கிராகோவ், வார்சா, விரோட்ஸ்வாஃப், போஸ்னான் ஆகிய ஐந்து மராத்தான்களையும் 24 மாதங்களுக்குள் முடிப்பவர்களுக்கு அந்நாடு சூட்டும் 'மராத்தான் மகுடம்' பற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)