விடும்போது தெரியும் கப்பியின் குணம்

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிணற்றுக் கப்பியின் குணம் நன்றாகவே தெரியும். நிறைந்த வாளியை இழுக்கும்போது கிறீச்சிடும்; கை வலுவில் அதைச் சமாளித்துவிடலாம். உள்ளே ஏறியிருக்கும் துருவைக் காட்டிக்கொடுப்பது காலி வாளிதான். கயிற்றைத் தளர்த்தினால் சரசரவென்று இறங்க வேண்டிய வாளி, பாதியிலேயே தொங்கி நிற்கும்.

இந்தக் கிணற்றுப் பாடம் கெடாவின் கடலுக்கும் பொருந்தும். லங்காவித் தீவின் குவா நகரில், 2003இல் தொடங்கிய அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி புகழ்பெற்றது. அங்கே நிற்கும் படகுகளில் பெரிய பாயின் அடியில் நீளும் தடிக்கு ‘பூம்’ என்று பெயர். அதை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் கயிறு ‘மெயின்ஷீட்’. பல கப்பிகளுக்குள் வளைந்து வளைந்து ஓடும் இந்தக் கயிற்றில்தான் படகோட்டியின் பிடி இருக்கிறது.

காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகும். 20 சதுர மீட்டர் பாயை 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளுகிறது என்றால், 20 நாட் காற்று 120 கிலோவுக்கு நிகராகத் தள்ளும். வெறுங்கையால் தாங்க முடியாத இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளத்தான் கப்பிகள். பூமைத் தாங்கும் கயிறுகள் நான்கு என்றால் நம் இழுப்பு நான்கு மடங்காகும். ஆனால் அது ஏட்டுக் கணக்கு.

உராய்வு ஒவ்வொரு சக்கரத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சக்கரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போனால், நான்கு மடங்கு மூன்றாகச் சுருங்கும்; ஆறு மடங்கு என்று நம்பியது நான்கைச் சற்றே தாண்டும். இழப்பு நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தாலோ, நான்கு கயிறே 3.7 மடங்கு தரும். மேலும் இரண்டு சக்கரம் சேர்த்துக் கயிற்றின் ஓட்டத்தை நீட்டுவதைவிட இருக்கும் சக்கரங்களைச் சுத்தமாக்குவது மேல்.

பழைய கப்பல்களில் கப்பிச் சக்கரத்தை ‘லிக்னம் வைட்டே’ என்ற மரத்தில் செய்தார்கள். அதன் பிசினே எண்ணெய்போல வேலை செய்தது. இன்று அந்த வேலையைச் சிறு பிளாஸ்டிக் குண்டுகள் செய்கின்றன. அவற்றின் எதிரி உப்பு. கடல்நீர் காய்ந்ததும் இடுக்குகளில் உப்புப் படிகங்கள் தங்கும். குண்டு வைத்த கப்பிக்குக் கிரீஸ் பூசுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. அது தூசியையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினாலே போதும். கழுவியபின் கட்டைவிரலால் சுண்டுங்கள். சக்கரம் ஓசையின்றிச் சுழன்று மெல்ல ஓய வேண்டும். ‘கரகர’ என்றால் உள்ளே உப்பு; தள்ளாடினால் தேய்மானம். பள்ளத்தை விடப் பருத்த கயிறு பக்கச் சுவரில் உரசும். எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெண்பொடி கண்டால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இவ்வளவு கவனம் ஏன்? மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ‘சுமாத்ரா’ என்னும் திடீர்ப் புயற்காற்று, பெரும்பாலும் விடியலை ஒட்டி வந்து மோதும். அப்போது பாயைத் தளர்த்தினால்தான் படகு நிமிரும். ஆறு மடங்குக் கட்டமைப்பில் பூம் 1 மீட்டர் விலக 6 மீட்டர் கயிறு ஓடியாக வேண்டும். சிக்கிய சக்கரம் ஒன்று போதும், படகு சாய்ந்தபடியே போகும்.

அதனால் சோதனையைக் காற்றில்லாத காலையில், படகுத்துறையிலேயே செய்துவிடுங்கள். கயிற்றை முழுக்கத் தளர்த்திவிட்டு, பூமை இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். தயங்காமல் வெளியே போனால் புறப்படலாம். பாதியில் நின்றால், காலி வாளி கிணற்றில் தொங்குகிறது என்று கொள்ளுங்கள்.