எதிர்ப்பொருளும் அது சுட்டும் பொருளும்: பி53 புரதத்தை இனங்காணும் முறை

0. முன்னுரை

உயிரியல் தனக்கு வேண்டிய அடிப்படைச் சொற்கள் சிலவற்றை மொழித்துறையிலிருந்து பெற்றுள்ளது. டி.என்.ஏ.யில் அமைந்த செய்தி ஆர்.என்.ஏ.வாக உருப்பெறுவதைப் படியெடுத்தல் என்றும், அது புரதமாக மாறுவதை மொழிபெயர்ப்பு என்றும் தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. எந்த மரபணு எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் புரதங்கள் படியெடுத்தல் காரணிகள் எனப்படும். அவற்றுள் ஒன்றான பி53 என்னும் மனிதப் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருளைக் கொண்டு இனங்காண்பது எவ்வாறு, அதன் விடையைப் பொருள்கொள்ள வேண்டுவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. பெயரும் பொருளும்

1979-ஆம் ஆண்டில் ஆய்வுக்குழுக்கள் சில தனித்தனியே இப்புரதத்தைக் கண்டறிந்தன. மின்புலத்தில் ஜெல் வழியே அது நகர்ந்த வேகத்தைக் கொண்டு அதன் எடை 53,000 டால்டன் எனக் கணிக்கப்பட்டது. பெயரும் அவ்வெண்ணால் அமைந்தது. ஆனால் 393 அமினோ அமிலங்களாலான இப்புரதத்தின் உண்மையான எடை ஏறத்தாழ 43,700 டால்டனே ஆகும். புரோலின் மிகுந்த பகுதி ஒன்று அதன் நகர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. பிழையான கணிப்பில் பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. பெயரைப் போன்றே அதன் பணியும் முதலில் தவறாகக் கொள்ளப்பட்டது. புற்றுநோயைத் தூண்டுவதாகக் கருதப்பட்ட பி53, உண்மையில் அதனைத் தடுப்பது என்பது 1989-இல்தான் தெளிவாயிற்று. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இதன் மரபணு பழுதுற்றுள்ளது.

2. எதிர்ப்பொருள்

உடலினுள் புகும் அயற்பொருளைப் பற்றுவதற்கு உடல் ஆக்கும் புரதமே எதிர்ப்பொருள். இலங்கைத் தமிழில் இது பிறபொருளெதிரி எனப்படும். ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களிலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டும் அளவுக்குப் பெறும் முறையைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் வெளியிட்டனர். 1984-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அம்முறையில் எலியின் உயிரணுக்களைக் கொண்டு ஆக்கப்பட்ட டிஓ-1, டிஓ-7 என்னும் இரு எதிர்ப்பொருள்கள் 1992-இல் வெளியிடப்பட்டன. மனித பி53-ஐக் கண்டறிய இவை பெரிதும் பயன்படுகின்றன. திசுவின் மெல்லிய சீவலின்மீது எதிர்ப்பொருளை இட்டு, அது பற்றிய இடத்தை நொதியின் துணையால் பழுப்பு நிறமாக்கி நுண்ணோக்கியில் காண்பது வழக்கம்.

3. பகுதியைக் கொண்டு முழுமையை அறிதல்

எதிர்ப்பொருள் புரதம் முழுவதையும் பற்றுவதில்லை. டிஓ-1 பற்றுவது 20 முதல் 25 வரையுள்ள அமினோ அமிலங்களை மட்டுமே. தமிழ்த் தரவுத் தொகுப்பு ஒன்றில் 'மரம்' என்னும் எழுத்துத் தொடரைக் கணிப்பொறியில் தேடுவதோடு இதனை ஒப்பிடலாம். அத்தேடல் 'மரங்கள்', 'மரத்தை' ஆகியவற்றைத் தவறவிடும்; தொடர்பற்ற 'சாமர'த்தையோ பிடித்துவிடும்.

எதிர்ப்பொருளுக்கும் இவ்விருவகை இடர்களும் உண்டு. பி53 மரபணுவிலிருந்தே தோன்றும் குறுவடிவங்கள் சிலவற்றுள் ஒன்றில் முதல் 39 அமினோ அமிலங்களும், மற்றொன்றில் முதல் 132 அமினோ அமிலங்களும் இல்லை. பற்றுமிடமே இல்லாத இவ்வடிவங்களை டிஓ-1 காணாது. மேலும், 20-ஆம் இடத்துச் செரினுடன் பாஸ்பேட் சேருமாயின் டிஓ-1-இன் பற்று குன்றுகிறது. புணர்ச்சியில் ஈற்றெழுத்துத் திரிவதால் சொல் தேடலுக்கு அகப்படாமற்போவதை இது ஒத்தது. பிறிதொரு புரதத்தில் ஒத்த பகுதி இருப்பின், எதிர்ப்பொருள் அதனையும் பற்றக்கூடும்.

எழுத்து வரிசையையன்றி வடிவத்தை அறியும் எதிர்ப்பொருள்களும் உள்ளன. பிஏபி1620 இயல்பான மடிப்புடைய பி53-ஐப் பற்றும். பிஏபி240 பற்றும் பகுதி இயல்பான வடிவில் மறைந்திருந்து, திரிபுற்ற வடிவில் வெளிப்படும். ஆயின் ஆய்வுக்காகப் புரதத்தின் மடிப்பு குலைக்கப்படும்போது பிஏபி240 இரண்டையுமே பற்றும். ஒரே சொல் சூழலுக்கேற்ப வேறு பொருள் தருவது போல, ஒரே எதிர்ப்பொருளின் விடையும் ஆய்வுமுறைக்கேற்ப வேறுபடுகிறது.

4. நோயறிதலில் பொருள்கோள்

இயல்பான உயிரணுவில் பி53 உண்டான சில நிமிடங்களிலேயே சிதைக்கப்படுவதால், திசுவில் ஆங்காங்கே மெல்லிய நிறமே தோன்றும். ஓர் அமினோ அமிலம் மாறிய பழுதுற்ற புரதம் சிதையாது தேங்குவதால் பெரும்பாலான உட்கருக்களில் அடர்ந்த நிறம் தோன்றும். பழுதினால் புரதம் இடையிலேயே அறுபட்டு நின்றுவிடுமாயின், நிறம் அறவே தோன்றாமற் போகலாம். எனவே மிகுநிறமும் நிறமின்மையும் நோய்க்குறிகளாகலாம், மென்னிறமே இயல்பு. நிறமின்மையை நலம் எனக் கொள்வது, சூலகப் புற்றுநோய் போன்றவற்றில் நோயின் வகையையே பிறழ உணரச் செய்யும்.

இன்னொரு வினாவும் எழுகிறது: நிறம் தோன்றாமைக்குக் காரணம் புரதம் இல்லாமையா, சாயமேற்றலில் நேர்ந்த தவறா? இதற்கு விடை அதே சீவலில் உள்ளது. புற்றணுக்களைச் சூழ்ந்த இயல்பான உயிரணுக்களில் மென்னிறம் காணப்பட்டால் சாயமேற்றல் செம்மையாக நடந்துள்ளது. புற்றணுக்களின் நிறமின்மையும் மெய்யானது. அங்கும் நிறம் இல்லையெனில் ஆய்வை மீண்டும் செய்தல் வேண்டும்.

5. சரிபார்த்தல்

எதிர்ப்பொருள் புட்டியின்மீதுள்ள பெயர் ஒரு கூற்று மட்டுமே, சான்றன்று. பி53-ஐ ஆக்காத எச்1299, சாவோஸ்-2 ஆகிய மனித உயிரணு வழிகளில் எதிர்ப்பொருள் எதனையும் பற்றாதிருத்தல் வேண்டும். பற்றினால், அது காட்டுவது பி53 அன்று. புரதத்தின் மறுமுனைக்கு அருகில், 371 முதல் 380 வரையுள்ள பகுதியைப் பற்றும் பிஏபி421 போன்ற வேறோர் எதிர்ப்பொருளும் அதே விடையைத் தருகிறதா எனவும் காணலாம். மரபணுவை நீக்கிப் பார்த்தல், வேறோர் எதிர்ப்பொருளோடு ஒப்பிடுதல் உள்ளிட்ட ஐந்து வழிகளை 2016-இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று முன்மொழிந்தது.

6. முடிவுரை

'பி53 இல்லை' என்பதும், 'டிஓ-7 பற்றும் பகுதி காணப்படவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது பொருளைப் பற்றிய முடிவு; பின்னது கண்ட விடையைப் பற்றிய கூற்று. பின்னதிலிருந்து முன்னதற்குச் செல்வதற்குச் சான்று வேண்டும். எனவே ஆய்வறிக்கையில் எதிர்ப்பொருளின் பெயர், அது பற்றும் இடம், கையாண்ட முறை, ஒப்பீட்டுக்குக் கொண்ட உயிரணுக்கள் ஆகிய நான்கும் இடம்பெறுதல் இன்றியமையாதது. நோயாளி ஒருவரின் சிகிச்சை அவ்வறிக்கையின் ஒரு சொற்றொடரைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதால், இச்சொல்லாட்சி வேறுபாடு மொழியாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று.