பாடலம் என்னும் நிறம்

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குப் பாடலேசுவரர் என்பது திருநாமம். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற திருநாவுக்கரசர் கரையேறிப் பதிகம் பாடிய தலமாதலின், பாடலுக்கு உகந்த ஈசர் என்று இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும். அப்பொருளும் இனியதே, ஆயினும் பெயரின் வேர் வேறு.

பாடலம் என்பது வடமொழியில் ஒரு நிறத்தின் பெயர். செம்மையின் சாயல்களைப் பகுத்துரைக்கும் அமரகோசம், முழுதும் புலப்படாத செம்மையை அருணம் என்றும், வெண்மை கலந்த செம்மையைப் பாடலம் என்றும் கூறுகிறது. கதிரவன் தோன்றுமுன் கீழ்வானில் படர்வது அருணம். ரோஜா இதழில் காண்பது பாடலம். நிறத்தைக் குறிக்கும் இச்சொல்லே பாதிரி மரத்தையும் அதன் மலரையும் குறிக்கும். பாதிரியைத் தலமரமாகக் கொண்டமையால் ஈசர் பாடலேசுவரர் ஆனார். அம்மரமும், புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்ட சிறப்பும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயின.

தமிழில் குறிஞ்சிப்பாட்டு தொடுக்கும் மலர் வரிசையில் பாதிரிக்கும் இடமுண்டு. பாலைத் திணைக்கு உரிய வேனிற்பூ அது. காளிதாசரும் சாகுந்தலத்தின் தொடக்கத்தில், பாடல மலரின் மணம் தோய்ந்த காட்டுக் காற்றைக் கோடையின் இன்பங்களுள் ஒன்றாக வைத்தார்.

நிறமாக இச்சொல் பேரழகு பெறுவது இரகுவம்சத்தில். வசிட்டரின் பசுவாகிய நந்தினி தளிர்போன்ற பாடல நிறத்தவள். நெற்றியில் வளைந்த வெண்மயிர்க் கோடு உடையவள். அந்திவானம் இளம்பிறையைத் தாங்கியது போன்றது அத்தோற்றம் என்கிறார் கவி. பின்னர்ச் சிங்கமொன்று அப்பசுவைப் பற்றியபோது, மகப்பேறு வேண்டி அவளைப் பேணிவந்த திலீப மன்னன், அவளுக்கு ஈடாகத் தன் உடலையே இரையாக அளிக்க முன்வந்தான். சிங்கம் மாயையென்று தெளிந்தது, வரமும் கிட்டியது. தளிரின் மென்மை கொண்ட அந்நிறத்தைக் காக்கவே மன்னன் உயிரையும் பொருட்படுத்தவில்லை.

பாடலத்தில் வெண்மையும் அழிவதில்லை, செம்மையும் மறைவதில்லை. இரண்டும் கூடியே அந்நிறம் பிறக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் பெரியநாயகி அம்மை பாதிரியின் நிழலில் தவமிருந்து இறைவனை அடைந்தாள் என்கிறது தலவரலாறு. வெண்ணீறணிந்த பெருமானும் செம்மேனி அம்மையும் இணைந்த தலத்துக்கு, வெண்மையும் செம்மையும் இணைந்த பாடலத்தினும் பொருத்தமான பெயர் வேறு யாது? அச்சந்நிதியில் திருநீற்றையும் குங்குமத்தையும் பெற்று நெற்றியில் இடும் அடியார், அத்திருநாமத்தின் பொருளையே அணிந்து திரும்புகின்றனர்.