வளைவில் திறக்கும் பூட்டு

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்றொரு காட்டுத் தடம் உண்டு. சுமார் 35 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி கருங்கல் பாறை. அதில் ஏறும் பழைய டொயோட்டா பிக்கப் ஒன்றின் பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தூக்கிய சக்கரம் மட்டும் விர்ரென்று சுழல்கிறது. பாறையைக் கவ்விய சக்கரமோ அசைவதில்லை.

பழுது எதுவும் இல்லை. பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல் தன் வேலையைத்தான் செய்கிறது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலம் என்றால், ஒரு முழு வட்டத்தில் அந்தக் கூடுதல் சுமார் 9.4 மீட்டர். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் கணக்கு மாறாது. இந்த வித்தியாசத்துக்கு இடம்கொடுக்கும் பல்சக்கர அமைப்புக்கு, பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர் ஒனேசிஃபோர் பெக்கேர் 1820-களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்றார். வேகம் மாறலாம், முறுக்குவிசை மட்டும் இருபுறமும் சமமாகவே போகும். அந்தரத்துச் சக்கரத்தைச் சுழற்ற விசை ஏறக்குறைய தேவையில்லை. ஆகவே பாறைமேல் உள்ளதற்கும் அதே சொற்பம்தான்.

தானியங்கி லாக்கர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. இயல்பு நிலையில் இரு சக்கரங்களும் பூட்டியே இருக்கும். வளைவில் மட்டும் ஒன்று விடுபடும். சுவிட்சும் இல்லை, காற்றுக்குழாயும் இல்லை.

'லஞ்ச் பாக்ஸ்' லாக்கர் என்று அமெரிக்க ஓட்டுநர்கள் அழைக்கும் வகையைப் பொருத்துவது எளிது. ஆக்சில்களை உருவி, டிஃபரன்ஷியலை இறக்கி, உள்ளேயிருக்கும் சிறு பல்சக்கரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பற்கள் கொண்ட நான்கு வளையத் துண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் வைக்கிறார்கள். பழைய கூடு அப்படியே இருப்பதால், கிரவுன், பினியன் பல்சக்கரங்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளியைப் புதிதாக அமைக்கும் சிரமம் குறைகிறது. இயந்திரம் இழுக்கும்போது கூட்டின் நடுத்தண்டு சரிவான பள்ளங்களில் ஏறி, துண்டுகளை இருபுறமும் தள்ளுகிறது, பற்கள் இறுகுகின்றன. வளைவில் வேகமாக ஓடும் வெளிச்சக்கரம் நடுத்தண்டை முந்துகிறது. அழுத்தம் நீங்கி, அதன் பற்கள் ஒன்றையொன்று தாண்டுகின்றன.

முடித்ததும் ஒரு சோதனை. கியர் போட்டபடி, பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு சக்கரத்தை முன்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பின்னோக்கிச் சுற்றினால், 'டக் டக்' என்று ஓசையோடு சுழல வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் தள்ளினால் நகரக் கூடாது.

கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் வலது காலுக்குத்தான். வளைவில் மிதித்தால் உள்சக்கரம் இழுக்கும். காலை எடுத்தால் இயந்திரத் தடை வெளிச்சக்கரத்துக்கு மாறும். அந்த மாற்றம் ஓர் உலுக்கலாகத் தெரியும். நடுவளைவில் மிதிப்பதும் விடுவதுமாக இல்லாமல் ஒரே சீராக ஓட்டினால் உலுக்கல் அடங்கும். பனிப்பாதையில் இன்னும் கவனம் தேவை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால் மற்றது வண்டியை நேராகப் பிடித்திருக்கும். லாக்கரால் இரண்டும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்பகுதி சரிவின் பக்கம் இறங்கிவிடும்.

இந்த லாக்கருக்கு மாற்றாக, சாதாரணமாகத் திறந்தே இருந்து தேவைப்படும்போது பூட்டும் வகையும் உண்டு. ஈட்டன் நிறுவனம் 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களுக்குத் தந்தது அது. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் சிறு எடைக்கட்டிகள் விரிந்து பூட்டைப் போடும். வேகப் பயணத்தில் பூட்டாது. மகிந்திரா தாரில் வந்த ஈட்டன் லாக்கரும் இந்தக் குடும்பமே.

இயல்பில் பூட்டியிருக்கும் வகைக்கோ டயர் விஷயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை. பின்பக்கம் ஒன்று தேய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தால், நேர்ப்பாதையிலும் சுற்றளவு வித்தியாசம் பற்களை உரசவைத்து, வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே ரூபிகானுக்குக் கிளம்பும் முன் டயர்களின் காற்றை அளந்து, ஸ்டெப்னியையும் அதே அளவில், அதே தேய்மானத்தில் தேடிப்பிடித்து ஏற்றிக்கொள்வது நல்லது.