எட்டுச் சிப்பும் பதினாறு சிப்பும்

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருக்கிறார். பாடசாலைக் கணினி அறையில் ஜீ41 மதர்போட் போட்ட பழைய மெசின் ஒன்று. 4 ஜீபீ டீடீஆர்3 றாம் வாங்கிப் போட்டதும் பீப் பீப் என்று கத்துகிறது, திரை எழும்பவில்லை. அதே றாம் பக்கத்து மேசைப் புது மெசினில் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. றாமிலும் பிழையில்லை, மதர்போட்டிலும் பிழையில்லை.

டீடீஆர்2 ஸ்லொட்டில் டீடீஆர்3 இறங்காது என்பது மெசினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்தச் சிக்கல் அதையும் தாண்டியது. றாமைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சிலவற்றில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு கறுப்புச் சிப்கள் இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கத்தில் மட்டும் எட்டு. மறுபக்கம் வெறும் பலகை. ஆசிரியை வாங்கியதும் இந்த வகையாகத்தான் இருக்கும். ஸ்டிக்கரில் இரண்டுக்கும் 4 ஜீபீ என்றுதான் போட்டிருக்கும். கணக்கும் சரிதான்: முதலாவதில் ஒரு சிப்புக்கு 256 மெகாபைட், இரண்டாவதில் 512.

சிப் பல பிரிவுகளாக இருக்கும், ஒவ்வொரு பிரிவிலும் தரவு கட்டம் கட்டமாக வரிசைகளில் கிடக்கிறது. எந்த வரிசை வேண்டும் என்பதை மதர்போட் முகவரிக் கம்பிகள் வழியாகச் சொல்ல வேண்டும். இன்டெல் 2008இல் வெளியிட்ட ஜீ41 சிப்செட்டில் அந்தக் கம்பிகள் 15. அவற்றைக் கொண்டு ஒரு பிரிவில் 32,768 வரிசைகளைக் கூப்பிடலாம். 256 மெகாபைட் சிப்பின் ஒரு பிரிவில் இருப்பதும் அத்தனைதான். 512 மெகாபைட் சிப்பின் ஒரு பிரிவிலோ 65,536 வரிசைகள். அதற்குப் பதினாறாவது கம்பி வேண்டும், ஜீ41இல் அது கிடையாது. இரணைமடுக் குளம் வான் பாய்ந்தாலும் வாய்க்கால் வெட்டாத வயலுக்குத் தண்ணீர் போகாது. மிச்ச வரிசைகளின் நிலையும் அதுதான். சில போட்கள் பாதி அளவை மட்டும் காட்டும், சில எழும்பவே மாட்டா. பயோஸைப் புதுப்பித்தும் பயனில்லை, இல்லாத கம்பியை மென்பொருளால் போட முடியாது.

பதினாறு சிப் றாம் போட்டும் மெசின் எழும்பவில்லையென்றால் காரணம் வேறு. பெரும்பாலும் தூசி. சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சிச் செம்மண் புகாத பெட்டி இல்லை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, றாமின் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் றப்பரால் மெல்லத் துடைத்துத் துகளைத் தட்டிவிட வேண்டும். பிறகு ஒரு றாமை மட்டும் போட்டு ஒவ்வொரு ஸ்லொட்டாகப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கக் கொளுக்கியும் தானாக மூடும்வரை அழுத்தாததால் ‘பழுது’ என்று ஒதுக்கப்பட்ட மெசின்கள் ஏராளம்.

அப்படி ஒதுக்கப்பட்டவை மூலையில் அடுக்கப்பட்டு, கடைசியில் குப்பையோடு எரிக்கப்படுவதுதான் மனதைச் சுடுகிறது. பழைய போட்களின் ஈயம் மண்ணுக்குள் இறங்கும். கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூட வராதபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னி இது. 2022இல் ரூபாய் சரிந்து புதுக் கணினி எட்டாத விலைக்குப் போனபோதும், ஒரு றாம் மாற்றினால் ஓடக்கூடியவை தூசி படிந்து கிடந்தன. கணினிப் பாடத்திலேயே பெட்டியைத் திறந்து றாம் மாற்றப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன?

ஆசிரியைக்கு: அந்த எட்டுச் சிப் றாமைப் புது மெசினிலேயே விட்டுவிடுங்கள். கடையில் “ஜீ41க்கு, பதினாறு சிப் உள்ள 4 ஜீபீ டீடீஆர்3” என்று கேளுங்கள், வாங்குமுன் சிப்களை எண்ணிப் பாருங்கள். மெசினில் இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜீபீயில் ஏறத்தாழ 3 முதல் 3.5 வரைதான் பயன்படும். மிச்ச முகவரிகளைக் கிராபிக்ஸ் போன்றவை பிடித்துக்கொள்ளும். முழுவதும் வேண்டுமானால் 64 பிட் லினக்ஸ் போடலாம், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.